63,000 பொருள்கள், 198 கோடி சரிபார்ப்புகள்: ‘டேட்டா ஸ்ட்ரக்சர்’ என்றால் என்ன?

கேமைத் திறந்துவிட்டு டீ போடப் போகலாம். டீ கொதித்து, ஆற்றிக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் திரையில் அதே ‘லோடிங்’. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ விளையாட்டின் ஆன்லைன் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் ஆடியவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். 2013-ல் வெளியான விளையாட்டு அது. வருஷக்கணக்கில் ஆட்கள் திட்டிக்கொண்டே காத்திருந்தார்கள்.

2021 பிப்ரவரி கடைசியில் ஒரு விளையாட்டாளருக்குப் பொறுமை போய்விட்டது. அந்த கேமின் மூல நிரல் அவர் கையில் இல்லை. ஆனாலும் கேம் ஓடும்போது கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது என்று அளந்து பார்த்தார். தனியாக ஆடும் வடிவம் அவரிடம் லோடாக 1 நிமிடம் 10 விநாடி. ஆன்லைன் வடிவத்துக்கு 6 நிமிடம். நெட் ஸ்லோ என்று சொல்ல வழியில்லை, ஹார்டு டிஸ்க்கும் சும்மாதான் இருந்தது. பிராசஸரின் ஒரே ஒரு கோர் மட்டும் நான்கு நிமிடத்துக்கு மூச்சுவிடாமல் எதையோ செய்துகொண்டிருந்தது.

என்ன செய்துகொண்டிருந்தது? கேமுக்குள் காசு கொடுத்து வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியல் ஒன்று உண்டு. சுமார் 10 எம்.பி. அளவுள்ள ஃபைல், 63,000 பொருள்கள். ஒவ்வொரு பொருளையும் பட்டியலில் சேர்ப்பதற்கு முன், ‘இது ஏற்கெனவே இருக்கிறதா?’ என்று கேம் சரிபார்த்தது. எப்படி? முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக. ஆயிரமாவது பொருளுக்கு முந்தைய 999-ஐயும் பார்க்க வேண்டும். 63,000-வது பொருளுக்கு முந்தைய 62,999-ஐயும். மொத்தத்தையும் கூட்டினால் சுமார் 198 கோடி சரிபார்ப்புகள்.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஃபைலில் ஒவ்வொரு மதிப்பைப் படிக்கும்போதும், மீதி எழுத்து எவ்வளவு இருக்கிறது என்று கடைசி வரை எண்ணிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனது. புத்தகம் படிக்கும் ஒருவர், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒருமுறை கடைசிப் பக்கம் வரை எழுத்துகளை எண்ணிவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? அதேதான்.

இரண்டையும் அவர் தன் பக்கத்திலேயே சரிசெய்தார். 6 நிமிடம், 1 நிமிடம் 50 விநாடியாகக் குறைந்தது. கண்டுபிடித்ததை விளக்கமாக எழுதி வெளியிட்டார். கேமைத் தயாரித்த ராக்ஸ்டார் நிறுவனம் அது சரிதான் என்று ஒப்புக்கொண்டு, அவருக்கு 10,000 டாலர் பரிசு கொடுத்து, மார்ச் மாதமே அப்டேட் விட்டது.

புதிய பிராசஸர் வாங்கவில்லை, ரேம் கூட்டவில்லை. தகவலை அடுக்கி வைத்த முறையும், அதைப் படித்த முறையும்தான் மாறின. அந்த ‘அடுக்கி வைக்கும் முறை’க்குப் பெயர்தான் டேட்டா ஸ்ட்ரக்சர். பாடப்புத்தகத் தமிழில் ‘தரவுக் கட்டமைப்பு’. ஐ.டி. இண்டர்வியூவில் இதைக் கேட்டே ஆளைக் கழித்துக்கட்டுவார்கள் என்பதால், நிறைய பேருக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே லேசாக வயிற்றைக் கலக்கும். ஆனால் விஷயம் என்னவோ கல்யாண மண்டப வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

மொய் நோட்டில் பெயர் தேடுவது எப்படி?

மண்டப வாசலில் மேஜை போட்டு மொய் எழுதுகிறார்கள். வருகிறவர் ஊர், பெயர், தொகை சொல்கிறார். எழுதுகிறவர் அடுத்த காலி வரியில் எழுதுகிறார். வேலை ரொம்ப சுலபம். வரிசையில் நிற்கும் கூட்டம் மளமளவென்று நகரும்.

சிக்கல் பின்னாடி வருகிறது. இரண்டு வருஷம் கழித்து அதே மனிதர் வீட்டில் காதுகுத்து. ‘நம்ம வீட்டுக்கு அவர் எவ்வளவு செஞ்சார்?’ என்று பார்க்க வேண்டும். குறைத்துச் செய்தால் பேச்சாகிவிடும். நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்துத் தேடுகிறார்கள். 800 பெயர் இருந்தால், சராசரியாக 400 வரி பார்த்தாக வேண்டும். பெயரே இல்லையென்றால், ‘இல்லை’ என்று தெரிந்துகொள்வதற்கே 800 வரியும் பார்க்க வேண்டும்.

இந்த நோட்டுதான் ‘அர்ரே’. வரிசையாக, இடைவெளியில்லாமல், எண் போட்ட கட்டங்கள். ‘137-வது வரியில் என்ன?’ என்று கேட்டால் நொடியில் பதில். ‘சோழவந்தான் பாண்டி எங்கே?’ என்று கேட்டால் தேடல்தான். நடுவில் ஒரு பெயரைச் செருகுவதும் பாடு. தியேட்டரில் நிரம்பிய வரிசையின் நடுவில் ஒருவரை உட்காரவைக்க, அவருக்கு வலப்பக்கம் இருக்கும் அத்தனை பேரும் ஒரு சீட் தள்ளி உட்கார வேண்டும் அல்லவா, அந்த மாதிரி.

செருகுவதுதான் முக்கியம் என்றால் ‘லிங்க்டு லிஸ்ட்’ இருக்கிறது. ரயில் பெட்டிகளை நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் அடுத்த பெட்டி எது என்று மட்டும் தெரியும். நடுவில் புதுப் பெட்டி சேர்க்க ஒரு கொக்கியைக் கழற்றி இரண்டு கொக்கியை மாட்டினால் போதும். ஆனால் 15-வது பெட்டிக்குப் போக, முதல் பெட்டியிலிருந்து நடந்துதான் போக வேண்டும்.

பெயரே விலாசம்

இப்போது மொய் நோட்டை வேறு மாதிரி எழுதிப் பார்க்கலாம். 100 பக்க நோட்டு. பெயரைச் சொன்னதும் எழுதுகிறவர் மனசுக்குள் ஒரு சின்னக் கணக்குப் போடுகிறார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். எல்லாவற்றையும் கூட்டி, கடைசி இரண்டு இலக்கத்தை எடுக்கிறார். 42 வந்தால் 42-வது பக்கம். 00 வந்தால் 100-வது பக்கம். அங்கேதான் அந்தப் பெயர்.

இரண்டு வருஷம் கழித்துத் தேடும்போதும் அதே கணக்கு, அதே 42. நேராக அந்தப் பக்கத்தைத் திறந்தால், அதில் இருக்கும் ஏழெட்டுப் பெயரை மட்டும் பார்த்தால் போதும். பெயரை வைத்தே விலாசம் கண்டுபிடிக்கும் இந்த முறைக்கு ‘ஹாஷ் டேபிள்’ என்று பெயர். பைத்தானில் ‘டிக்‌ஷனரி’, ஜாவாவில் ‘ஹாஷ்மேப்’ என்று ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு பெயரில் இதை வைத்திருக்கிறது.

அந்த கேமில் இது இருந்திருந்தால், 198 கோடி சரிபார்ப்புக்குப் பதில் சுமார் 63,000-த்தில் வேலை முடிந்திருக்கும். அதைவிட வேடிக்கை, பட்டியல் ஆரம்பத்தில் காலியாகத்தான் இருந்தது. அதனால் அந்தச் சரிபார்ப்பே அவசியமில்லை என்றுதான் அந்த விளையாட்டாளர் முடிவுக்கு வந்தார்.

ஒரே பக்கத்துக்கு இரண்டு பெயர் வருவதை ‘கொலிஷன்’, அதாவது மோதல் என்கிறார்கள். தவிர்க்கவே முடியாது. கணக்கு நன்றாக இருந்தால் பெயர்கள் எல்லாப் பக்கத்திலும் பரவலாக விழும். கணக்கு சொதப்பலாக இருந்தால் போச்சு. முதல் எழுத்தைப் பார்த்துப் பக்கம் பிரிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ம’ பக்கம் மாரி, முருகன், முத்து, மலர் என்று நிரம்பி வழியும். ‘ஔ’ பக்கத்தில் ஈ ஓடும். நிரம்பி வழிகிற பக்கத்துக்குள் மறுபடியும் முதல் வரியிலிருந்து விரல் வைத்துத் தேடல்தான்.

ஹாஷ் டேபிளைக் கவிழ்த்த கதை

எல்லாப் பெயரும் ஒரே பக்கத்தில் விழும்படி யாராவது வேண்டுமென்றே செய்தால்? 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த ‘கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ்’ என்ற ஹேக்கர் மாநாட்டில் அலெக்சாண்டர் கிளிங்க், ஜூலியன் வெல்டே என்ற இருவர் இதைத்தான் மேடையில் செய்து காட்டினார்கள்.

இணையதளத்தில் நீங்கள் ஒரு ஃபார்ம் நிரப்பி ‘சப்மிட்’ கொடுக்கும்போது, பெயர், வயது, முகவரி என்று ஒவ்வொரு கட்டமும் சர்வரில் ஒரு ஹாஷ் டேபிளில் போய் உட்காரும். அந்த டேபிள் எந்தக் கணக்கைப் போட்டுப் பக்கம் பிரிக்கிறது என்பது அப்போது பல மொழிகளில் ஊரறிந்த ரகசியம். அதனால், ஒரே பக்கத்தில் விழும் பெயர்களாகப் பார்த்துப் பார்த்து ஆயிரக்கணக்கில் தயாரித்து ஒரே ஃபார்மில் அனுப்பினால், ஹாஷ் டேபிள் மறுபடியும் பழைய மொய் நோட்டாகிவிடும். பெரிய படையெடுப்பு எதுவும் வேண்டாம். சாதாரண நெட் இணைப்பு வைத்திருக்கும் ஒருவரே சர்வரை நிமிடக்கணக்கில் திணறடிக்கலாம். பி.எச்.பி., ஜாவா, பைத்தான், ரூபி, ஏ.எஸ்.பி. டாட் நெட் என்று இணையத்தின் பெரும்பகுதியைத் தாங்கும் மொழிகள் எல்லாமே அதில் மாட்டின.

இப்படி ஒரு ஆபத்து இருக்கிறது என்று ஸ்காட் கிராஸ்பி, டான் வாலக் என்ற ஆய்வாளர்கள் 2003-லேயே எழுதியிருந்தார்கள். ‘பெர்ல்’ என்ற மொழியைப் பராமரித்தவர்கள் அப்போதே அதைப் படித்துத் திருத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் எட்டு வருஷம் விட்டுவிட்டார்கள்.

தீர்வு எளிமையானதுதான். நிரல் ஒவ்வொரு முறை ஓடத் தொடங்கும்போதும் கணக்கில் ஒரு ரகசிய எண்ணைக் கலந்துவிடுவது. ‘பாண்டி’ இன்றைக்கு 42-வது பக்கம் என்றால் நாளைக்கு 7-வது பக்கம். வெளியாளால் முன்கூட்டியே கணிக்க முடியாது. ஜாவா இன்னொரு வழியையும் எடுத்தது. 2014-ல் வந்த ஜாவா 8 பதிப்பில், ஒரு பக்கத்தில் பெயர்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் ‘ட்ரீ’ வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது.

மரத்தில் ஏறித் தேடுவது

ஹாஷ் டேபிளுக்கு வேகம் இருக்கிறது, ஆனால் வரிசை கிடையாது. ‘பாண்டி எங்கே?’ என்றால் டக்கென்று சொல்லும். ‘5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய் வரை செய்தவர்கள் யார் யார்?’ என்று கேட்டால் முழிக்கும்.

வரிசைப்படுத்தி வைத்தால் தேடுவதில் ஒரு மாயம் நடக்கிறது. அகராதியில் ‘பனை’ தேடுகிறவர் முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதில்லை. நடுவில் திறக்கிறார். ‘த’ வந்தால் இன்னும் பின்னால் போகிறார், பாதி மிச்சம். மறுபடி நடுவில் திறக்கிறார், கால்வாசி மிச்சம். இப்படிப் பாதிப் பாதியாகக் கழித்தால் 1,000 பெயருக்கு 10 தடவை பார்த்தால் போதும். 10 லட்சம் பெயருக்கு 20 தடவை. 100 கோடிக்கு 30 தடவை. பட்டியல் ஆயிரம் மடங்கு பெரிதானால் வேலை பத்தே பத்துத்தான் கூடுகிறது.

ஆனால் வரிசைப்படுத்திய நோட்டில் புதுப் பெயரைச் செருகுவது பழைய தியேட்டர் சீட்டுப் பிரச்சினை. தேடவும் வேகம் வேண்டும், செருகவும் வேகம் வேண்டும் என்றால்தான் ட்ரீ வருகிறது. கிளைக்கு கிளை ‘இதைவிடச் சிறியது இந்தப் பக்கம், பெரியது அந்தப் பக்கம்’ என்று வழிகாட்டிப் பலகை வைத்த மரம். கம்ப்யூட்டர்காரர்களின் மரம் தலைகீழானது. வேர் மேலே, இலை கீழே.

இதில் ஒரு வகையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1970 வாக்கில் போயிங் விமான நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் இருவரும் உருவாக்கிய ‘பி-ட்ரீ’. அந்த ‘பி’ எதைக் குறிக்கிறது என்று இருவரும் கடைசிவரை உறுதியாகச் சொல்லவில்லை. போயிங்கா, பேயரா, பேலன்ஸ்டா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

இதன் சூட்சுமம் அகலம். ஒரு கிளையிலிருந்து இரண்டு பிரியாமல், நூற்றுக்கணக்கில் பிரியும். ஒவ்வொன்றிலும் 200 கிளை என்று வைத்தால், நான்கு படி இறங்குவதற்குள் 160 கோடி பதிவுகளில் எதையும் எட்டிவிடலாம். டிஸ்க்கிலிருந்து ஒருமுறை தகவல் எடுப்பது ரொம்ப மெதுவான வேலை. அதை நான்கு தடவையில் முடிப்பது பெரிய லாபம். மை எஸ்.க்யூ.எல்., போஸ்ட்கிரஸ் போன்ற டேட்டாபேஸ்கள் ‘இண்டெக்ஸ்’ என்று வைத்திருப்பது பெரும்பாலும் இந்தக் குடும்பத்து மரத்தைத்தான். உங்கள் போனிலும் இது இருக்கிறது. வாட்ஸ்அப் தன் சாட்டுகளை ‘எஸ்.க்யூ.லைட்’ என்ற சின்ன டேட்டாபேஸில்தான் சேமிக்கிறது, அதற்குள் இருப்பதும் பி-ட்ரீதான்.

ஆபீஸில் ஒரு ரிப்போர்ட் ஓட 20 நிமிடம் ஆகிறது, டேட்டாபேஸ் ஆள் வந்து ஏதோ ஒரே ஒரு வரி அடித்ததும் 2 விநாடியில் வருகிறது என்றால், அநேகமாக அவர் செய்தது ஒரு இண்டெக்ஸ் போட்டதுதான். மந்திரம் எதுவும் இல்லை.

தட்டு, வரிசை, சாலை

இன்னும் சிலவற்றை நீங்கள் தினமும் தொட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. பந்தியில் அடுக்கிய எவர்சில்வர் தட்டு: கடைசியாக வைத்ததுதான் முதலில் கைக்கு வரும். அது ‘ஸ்டேக்’. தப்பாக அழித்ததை ‘அன்டூ’ கொடுத்து மீட்பது, பிரவுசரில் ‘பேக்’ அழுத்துவது எல்லாம் இதுதான்.

ரேஷன் கடை வரிசை: முதலில் வந்தவருக்கு முதலில். அது ‘கியூ’. பிரிண்டருக்கு அனுப்பிய ஃபைல்கள் இப்படித்தான் காத்திருக்கும். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் மட்டும் இந்த நியாயம் செல்லாது. காய்ச்சலோடு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருப்பவரைத் தாண்டி, இப்போது வந்த நெஞ்சுவலிக்காரர் உள்ளே போவார். யாரும் சண்டை போடுவதில்லை. இதைக் கம்ப்யூட்டரில் ‘பிரையாரிட்டி கியூ’ என்பார்கள்.

ஊர்களும் அவற்றை இணைக்கும் சாலைகளும் சேர்ந்தால் ‘கிராஃப்’. மேப் ஆப் வழி காட்டுவதன் அடிப்படை அது. இரண்டு ஊருக்கு இடையே மிகக் குறைந்த தூர வழியைக் கண்டுபிடிக்கும் முறையை நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-ல் யோசித்தார். வருங்கால மனைவியோடு ஆம்ஸ்டர்டாமில் ஷாப்பிங் போய், களைத்து ஒரு கஃபேயில் காபி குடிக்க உட்கார்ந்தபோது, பேனா பேப்பர் இல்லாமல் இருபது நிமிடத்தில் தோன்றியது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். வெளியிட்டது 1959-ல். இன்றைக்கும் பாடத்தில் அவர் பெயரிலேயே இருக்கிறது.

நோட்டு தீர்ந்துபோனால்?

கேம் லேட்டாக வந்தால் யாருக்கும் உயிர் போகாது. 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் நடந்தது அப்படியல்ல.

கொரோனா இரண்டாம் அலை எழும்பிக்கொண்டிருந்த நேரம். பரிசோதனைக் கூடங்கள் அனுப்பிய முடிவுகளை ‘பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து’ என்ற அரசு அமைப்பு தானாக ஓடும் ஒரு நிரல் வழியே எக்செல் ஃபைல்களில் இறக்கிக்கொண்டிருந்தது. பயன்படுத்தியது பழைய ‘.எக்ஸ்.எல்.எஸ்.’ வடிவம். எக்செல் தாளும் கட்டம் கட்டமான ஓர் அர்ரேதான், அகலமும் நீளமும் உள்ள அர்ரே. பழைய வடிவத்தில் அதன் நீளத்துக்கு ஓர் எல்லை உண்டு: 65,536 வரிகள். இந்த எண் சும்மா வந்ததில்லை. வரி எண்ணைக் குறிக்க 16 பிட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். 16 பிட்டில் 65,536 எண்களுக்கு மேல் எழுத முடியாது.

ஒரு நோயாளிக்குப் பல வரிகள் தேவைப்பட்டன. அதனால் ஒரு ஃபைலில் சுமார் 1,400 பேர் வந்ததுமே நோட்டு நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு வந்த பெயர்கள் ஃபைலில் ஏறவே இல்லை. கடைசிப் பக்கத்தில் மொய் எழுதி முடித்த பிறகும், மேஜைக்காரர் தலையாட்டிக்கொண்டே பணத்தை மட்டும் வாங்கிப் போட்டால் எப்படி இருக்கும்?

செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் இப்படி அன்றாடக் கணக்கில் விடுபட்டார்கள். அவர்களுக்கான பரிசோதனை முடிவு அவரவருக்குப் போய்விட்டது. போகாதது தொடர்பு கண்டறியும் குழுவுக்கு. அதாவது, அவர்களோடு ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள், ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் யாருக்கும் ‘தனிமைப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்ற அழைப்பு உரிய நேரத்தில் போகவில்லை. பலருக்கு அந்த அழைப்பு ஒரு வாரம்வரை தள்ளிப்போனது. விடுபட்டவர்களைச் சேர்த்த வார இறுதியில் இங்கிலாந்தின் தினசரி எண்ணிக்கை திடீரென்று எகிறியதைப் பார்த்துத்தான் பொதுமக்களுக்கு விஷயமே தெரிந்தது. சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் நாடாளுமன்றத்தில் வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அப்போதைக்கு அவர்கள் செய்த ஏற்பாடு, ஃபைல்களைச் சின்னச் சின்னதாகப் பிரித்து ஏற்றுவது. எக்செல்லின் புதிய வடிவம் 2007-லேயே வந்துவிட்டது. அதிலும் எல்லை இல்லாமல் இல்லை, 10,48,576 வரிகள்.